கையைத் தொட்டுப் பாருங்கள், டாக்டர்களே

மூட்டு வலி என்று வருகிறவரின் கையைத் தொட்டுப் பார்க்காமலே, முடக்குவாதமா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையான ஆர்.ஏ. ஃபாக்டர் டெஸ்ட் எழுதும் வழக்கம் குடும்ப மருத்துவர்களிடம் ஒழிய வேண்டும். தாராவியில் கிளினிக் வைத்திருப்பவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

விடிவதற்கு முன் இட்லி ஊற்றி மும்பை முழுக்க விற்க அனுப்பும் வீடுகள் இங்கே நிறைய. "காலையில விரலே மடங்க மாட்டேங்குது டாக்டர், பத்து மணி ஆயிடுது" என்று அந்த வீட்டு அக்கா சொன்னால், வேலை அதிகம், வயசாகுது என்று அனுப்பிவிடுவது சுலபம். ஆனால் மூட்டுத் தேய்மானத்தில் காலை இறுக்கம் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் விட்டுவிடும், வேலை செய்யச் செய்ய வலி கூடும். உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் முடக்குவாதத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நிற்கும், அசைய அசையத் தளரும். இரண்டு கையிலும் விரல்களின் அடி மூட்டும் நடு மூட்டும் வீங்கும். நுனி மூட்டு பெரும்பாலும் தப்பிக்கும். கை குலுக்குவது போல அடி மூட்டு வரிசையைச் சேர்த்து மெல்ல அழுத்துங்கள். வலியில் முகம் சுளித்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் வாதநோய் நிபுணரிடம் அனுப்புங்கள். முதல் சில மாதங்களில் சிகிச்சை தொடங்கினால்தான் மூட்டைக் காப்பாற்ற முடியும்.

அந்த ரிப்போர்ட்டைத்தான் எவ்வளவு நம்புவது? முடக்குவாதம் உள்ளவர்களிலேயே நூற்றுக்கு 20, 30 பேருக்கு ஆர்.ஏ. ஃபாக்டர் நெகட்டிவாக வரும். காசநோய், ஹெபடைடிஸ் சி, சில நேரம் வெறும் முதுமையே அதை பாசிட்டிவ் ஆக்கும். ஆன்டி சி.சி.பி. என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை இதைவிடத் துல்லியம். அப்புறம், மழைக்காலத்தில் காய்ச்சல் வந்ததா என்று கேளுங்கள். சிக்குன்குனியா வலியும் மாதக்கணக்கில் இதே வேஷம் போடும்.

என்னை மிகவும் வருத்துவது ஊசிதான். வலி மருந்தோடு ஸ்டீராய்டைச் சேர்த்துப் போட்டால் மறுநாளே எழுந்து நடப்பார்கள், கைராசி டாக்டர் என்ற பெயரும் கிடைக்கும். உள்ளே எலும்பு அரிபடுவது நிற்பதில்லை. அதையே திரும்பத் திரும்பப் போட்டால் சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், பதுங்கியிருந்த காசநோய் தலைதூக்கும்.

நிபுணர் முடக்குவாதத்துக்கான மெத்தோட்ரெக்ஸேட் மருந்தை எழுதிவிட்டால் நம் வேலை முடிந்தது என்றும் இல்லை. அது வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை. தினமும் போட்டுக்கொண்டு வாய்ப்புண்ணும் ரத்த அணுக் குறைவுமாக உயிரையே விட்டவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்பதைச் சீட்டில் தமிழில் பெரிதாக எழுதுங்கள், அதன் பக்கவிளைவைக் குறைக்கத் தரும் ஃபோலிக் ஆசிட் வைட்டமினுக்கு வேறு கிழமை. ரத்த அணு, கல்லீரல் பரிசோதனை தவறக் கூடாது. குழந்தை பெறும் வயதுப் பெண்ணென்றால், கர்ப்பத்துக்கு முன்பே அந்த மருந்தை நிறுத்த வேண்டும் என்பதை அவரிடமும் வீட்டுக்காரரிடமும் உட்கார வைத்துச் சொல்லுங்கள்.