35 என்று எழுதிய பையன்

அந்த வீடியோவை நான் இங்கே பகிரப் போவதில்லை. எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். நேற்று மட்டும் எனக்கு நான்கு குழுக்களில் வந்தது. மூன்றாம் வகுப்புப் பையன் கரும்பலகையில் 52-27 போட்டு 35 என்று எழுதுகிறான். ஆய்வுக்கு வந்தவர் பிள்ளைகள் முன்னாலேயே டீச்சரைப் பார்த்து, "இதைக்கூடச் சொல்லித் தரலையா, எதுக்குச் சம்பளம் வாங்குறீங்க?" என்கிறார். பையன் விடையை உள்ளங்கையாலேயே அழிக்கிறான். டீச்சர் சேலைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டு நிற்கிறார்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் பையனிடம் "எப்படிப்பா போட்ட?" என்று ஏன் ஒருவரும் கேட்கவில்லை?

35 வானத்திலிருந்து விழவில்லை. இரண்டில் ஏழு போகாது, அதனால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்து 5 என்று எழுதும் பிள்ளை உண்டு. பெரியதிலிருந்துதான் சிறியதைக் கழிக்க வேண்டும் என்று நாம்தானே முதல் வகுப்பில் சொன்னோம்? அதை அவன் நம்பிவிட்டான். இன்னொரு பிள்ளை ஒழுங்காகக் கடன் வாங்கும், 12-7=5 என்று எழுதும், கடன் கொடுத்த 5-ஐ 4 ஆக்க மறந்துவிடும். அதற்கும் 35. முதல் பிள்ளைக்குப் பத்தைப் பிரிக்கலாம் என்பதே தெரியாது. இரண்டாவது பிள்ளைக்கு எல்லாம் தெரியும், கடைசிப் படிதான் விட்டுப்போனது. இருவருக்கும் ஒரே மருந்தா கொடுப்பது?

இதை எனக்குக் காட்டியவர் ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியை. நான் 2006-இல் ஆசிரியையாக வேலைக்கு வந்தபோது எனக்கு எதுவும் தெரியாது. ஒரு பெண் குழந்தை தினமும் கழித்தலைத் தப்பாகப் போடும், நான் தினமும் சத்தம் போடுவேன். நினைத்தால் இன்றும் நெஞ்சை அடைக்கிறது. அந்த அம்மா வந்து பார்த்துவிட்டு, "27-ஐ 28 ஆக்கிக் கொடும்மா" என்றார். அவ்வளவுதான். 52-28 என்றால் முதல் வகைப் பிள்ளை 36 எழுதும், இரண்டாவது வகைப் பிள்ளை 34 எழுதும். சரியான விடை 24. ஒரே ஒரு எண்ணை மாற்றினால் பிள்ளையின் மனதில் இருப்பது வெளியே தெரிந்துவிடுகிறது.

அந்தக் குழந்தை 36 எழுதியது. திருவிழாவில் பொறுக்கிய ஐஸ் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தேன். ஐந்து கட்டு, இரண்டு தனிக் குச்சி. இதிலிருந்து எட்டை எடு என்றேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தது. அப்புறம், "டீச்சர், ஒரு கட்டைப் பிரிச்சுக்கலாமா?" என்றது.

ஆசிரியர்களான எங்களுக்குக் கல்வித்துறையிடமிருந்து வேண்டியது இந்த மாதிரிக் கேள்விகள். தவறான விடையைப் பார்த்ததும் காரணம் தெரிகிற கேள்விகள். அதோடு, 36 எழுதினால் நாளைக் காலை என்ன செய்யலாம், 34 எழுதினால் என்ன செய்யலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.

உடனே, "அப்படியானால் மதிப்பீடே வேண்டாம் என்கிறீர்களா?" என்று வருவீர்கள். இல்லை. எந்த வகுப்பு முடிக்கும்போது பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு அளவுகோல் கட்டாயம் வேண்டும். பள்ளிப் பாடத்திட்டம் வகுக்கும் மத்திய அமைப்பான என்சிஇஆர்டி 2017-இல் வெளியிட்ட கற்றல் விளைவுகளில், அதாவது பிள்ளை அடைய வேண்டிய திறன்களின் பட்டியலில், இரண்டாம் வகுப்பில் ஈரிலக்கக் கூட்டல் கழித்தல், மூன்றாம் வகுப்பில் மூவிலக்கம் என்று தெளிவாகவே இருக்கிறது. தமிழ்நாட்டில் 2007-இல், பிள்ளை தன் வேகத்தில் அட்டைகளைப் படிப்படியாக முடித்து முன்னேறும் செயல்வழிக் கற்றல் வந்தது, 2012-இல் ஆண்டை மூன்றாகப் பிரிக்கும் முப்பருவமும், பாடம் நடக்கும்போதே 40 மதிப்பெண்ணுக்கு மதிப்பிடும் வளரறி மதிப்பீடும் வந்தன, 2022-இல் சிறு வகுப்புகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. எல்லாவற்றையும் மனதாரச் செய்தவள் நான். அதில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரித்து, பிள்ளையை அது நிற்கும் இடத்திலிருந்து கூட்டிப்போவது உண்மையிலேயே நல்ல விஷயம். ஆனால் மதிப்பீடு முடிந்த பிறகு என் கைக்கு வருவது இத்தனை பேர் சரி, இத்தனை பேர் தவறு என்ற எண்ணிக்கைதான். ஏன் தவறு என்பது வருவதில்லை. அளவுகோலைக் கொடுத்தீர்கள், சரி. அளந்த பிறகு செய்ய வேண்டியதற்குக் கையில் என்ன கொடுத்தீர்கள்?



வேலை செய்யாத ஆசிரியர்கள் இருக்கிறார்களா? இருக்கிறார்கள். ஆனால் சம்பளம், சம்பளம் என்கிறீர்களே, அதற்குப் பதில் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. கல்வி உரிமைச் சட்டக் கணக்கில் தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான். அந்த இரண்டு பேர்தான் ஐந்து வகுப்புக்கும். ஒருவர் பயிற்சிக்குப் போனால் அன்றைக்கு ஒற்றை ஆள். மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் நடத்தும்போதே முதல் வகுப்பில் ஒன்று பென்சிலை மூக்கில் விட்டுக்கொள்ளும். நடுவில் பிள்ளைகளின் விவரங்களைச் செயலியில் பதிவேற்ற வேண்டும், சிக்னலுக்காக வேப்பமரத்தடிக்குப் போய் நிற்க வேண்டும். வீட்டுக்குப் போன பிறகும் போன் அடித்து "உங்கள் பள்ளி மட்டும் பாக்கி" என்பார்கள். என் மகளுக்குக் காய்ச்சல் கண்ட இரவில் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து பதிவேற்றியிருக்கிறேன். இதைச் சொல்லிக் காட்ட வேண்டும் என்று நினைத்ததே இல்லை. அந்த டீச்சர் நின்ற நிலையைப் பார்த்த பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிள்ளைகள் முன்னால் தலைகுனிந்தவர் மறுநாள் அதே பிள்ளைகள் முன்னால் எப்படிப் போய் நிற்பார்?

ஆய்வுக்கு வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வந்தால் பக்கத்தில் உட்காருங்கள். சாக்பீஸை நீங்களும் பிடியுங்கள். தப்பாகப் போட்ட பிள்ளையிடம் எப்படி யோசித்தாய் என்று எங்களோடு சேர்ந்து கேளுங்கள்.

வீடியோவில் நின்ற டீச்சர் அக்கா, நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. இது உங்கள் கண்ணில் பட்டால், நாளைக்கு அந்தப் பையனைப் பக்கத்தில் கூப்பிட்டு 52-28 கொடுத்துப் பாருங்கள். 34 எழுதினால் அவன் கிட்டத்தட்ட வந்துவிட்டான், கடன் கொடுத்த எண்ணை அடித்து மேலே 4 எழுதப் பழக்கினால் போதும். 36 எழுதினால் குச்சிக் கட்டை எடுங்கள். கட்டை நீங்கள் பிரிக்காதீர்கள். அவன் கேட்கும்வரை காத்திருங்கள்.