எழுத்துப் பிழையைவிடப் பெரிய பிழைகள்

ரெஸ்யூமில் செய்யும் தவறுகள் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். வாய்ப்பைக் கெடுப்பது முதலில் எழுத்துப் பிழைதான் என்கிறது அது. பிழை கூடாதுதான். ஆனால் ஆளெடுக்கும் வேலையில் இருக்கும் எனக்கு அதைவிட வருத்தம் தருவது வேறு. நன்றாக வேலை தெரிந்தவர்கள் தாங்கள் செய்ததைச் சொல்லாமலே இரண்டு பக்கம் நிரப்பிவிடுகிறார்கள். "கிடங்கு நிர்வாகப் பொறுப்பு வகித்தேன்" என்று ஒரு வரி இருக்கும். நேரில் கேட்டால்தான் தெரியும், நோட்டில் எழுதிவந்த ஸ்டாக் கணக்கை பார்கோடுக்கு மாற்றி, மூன்று நாள் வேலையை ஒரே நாளில் முடிய வைத்தவர் அவர்தான் என்று. அதையல்லவா முதலில் எழுத வேண்டும்! இன்டர்வியூ வரை வராமலே போனவர்கள் எத்தனை பேரோ.

கட்டுரை சொல்லாத இன்னொன்று, பக்கத்தை இடம் வலமாக இரண்டு பத்தியாகப் பிரித்த அலங்கார டெம்ப்ளேட். பல நிறுவனங்களில் விண்ணப்பம் முதலில் போவது ஏடிஎஸ் எனப்படும், விண்ணப்பங்களைப் படித்துத் தொகுக்கும் மென்பொருளுக்கு. அவற்றில் சில, இரு பத்திகளையும் குறுக்கே சேர்த்துப் படித்துவிடும். உங்கள் பதவிப் பெயர் மொழித்திறனோடு ஒட்டிக்கொள்ளும். அனுப்பும் முன் பிடிஎஃப்பில் உள்ளதை முழுவதும் காப்பி செய்து நோட்பேடில் பேஸ்ட் செய்து பாருங்கள். வரிசை குழம்பினால் டெம்ப்ளேட்டை மாற்றுங்கள். ஒன்றுமே வரவில்லையா? நீங்கள் அனுப்பப்போவது வெறும் படம்; அதிலுள்ள எழுத்தை மென்பொருளால் படிக்க முடியாமல் போகலாம்.

வேலையில்லாத காலத்தை மறைக்கப் பழைய வேலையின் தேதியை மட்டும் நீட்டாதீர்கள், தயவுசெய்து. பின்னணிச் சரிபார்ப்பில் கையில் வந்த வேலையும் போகும். "குடும்பப் பொறுப்பு, 2022–2023" என்று ஒரு வரி எழுதினால் போதும்.