ஞாயிறு பத்து மணிக்குக் கூடும் நிர்வாகக் குழு
மாற்றுத்திறனாளிகளுக்கான தொண்டு நிறுவனத்தில் ஆடிட்டர், வக்கீல், டாக்டர் என விவரமறிந்தவர்கள் ஊதியமில்லாமல் குழு உறுப்பினர்களாக வந்தாலே நிறுவனம் உருப்பட்டுவிடும் என்கிறது ஒரு கட்டுரை. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் என்ற கடற்கரை ஊரில் அப்படியொரு குழுவில் சில காலம் இருந்தேன். கணக்குவழக்கு கச்சிதம், பதிவுத்துறைக்கு அனுப்பவேண்டிய படிவம் எதுவும் தேதி தவறியதில்லை. ஆனால் கூட்டம் ஞாயிறு காலை பத்து மணிக்கு, எங்களுக்குத் தோதான நேரம். சனிக்கிழமை கடலுக்குப் போன விசைப்படகுகள் கரை திரும்புவதே ஞாயிறு காலையில்தான். நிறுவனத்துக்கு வரும் பிள்ளைகளின் தாய்மார் பலர் அந்நேரம் மீன் இறங்குதளத்தில் இறால் தரம் பிரித்துக்கொண்டிருப்பார்கள். பெற்றோர் பிரதிநிதியின் நாற்காலி காலியாகவே கிடக்கும்; அவர்களுக்கு அக்கறையில்லை என்று நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுதாததுதான் பாக்கி. போலியோவால் கால் பாதிக்கப்பட்ட, வலை பின்னும் ஒருவர் குழுவுக்குள் வந்த பிறகுதான் நன்கொடைச் சக்கர நாற்காலிகள் ஏன் மூலையில் கிடக்கின்றன என்ற பேச்சே எழுந்தது. சின்ன முன்சக்கரம் மணலில் புதைகிறது. உப்புக்காற்றில் பேரிங் துருப்பிடித்து இறுகிவிடுகிறது. டாக்டருக்கும் வக்கீலுக்கும் இது தெரிய நியாயமில்லை. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர், சம்பளம் வாங்காதவரைக் கேள்வி கேட்கலாமா என்கிறார். தாராளமாகக் கேட்கலாம், தீர்மானத்தில் கையெழுத்துப் போடுகிறவர் பதிலும் சொல்லத்தான் வேண்டும். உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க 2025இல் தமிழக அரசே சட்டத்தைத் திருத்திவிட்டது. அவர்கள் பெயரைச் சொல்லி நன்கொடை திரட்டும் நிறுவனங்களுக்கு, குழுவில் இரண்டு இடம் ஒதுக்க என்ன தயக்கம்? அப்படியே கூட்டத்தையும் வெள்ளி மாலைக்கு மாற்றிப் பாருங்கள், அன்று விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும்.