டேபிளை முதலில் போடுங்கள், ஒர்க்ஃப்ளோவை அப்புறம் பார்க்கலாம்

நிரல் எழுதாமலே டேபிள் அமைக்க உதவும் நோ-கோடு டேட்டாபேஸ் பக்கம் வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "நோக்கோடிபியா பேஸ்ரோவா? என்8என்னா நோடு-ரெட்டா?" என்பதுதான். முதல் இரண்டும் அப்படிப்பட்ட டேட்டாபேஸ் கருவிகள்; அடுத்த இரண்டும் ஒர்க்ஃப்ளோ, அதாவது தானாக நடக்கும் வேலைத் தொடர், அமைக்கும் கருவிகள். என்னைக் கேட்டால், எந்தக் கருவி என்பது மூன்றாவதாக வரவேண்டிய கேள்வி. உங்கள் தகவல் எத்தனை டேபிளாகப் பிரிய வேண்டும் என்பது முதலாவது. நாளைக்கே இந்தக் கருவியை மூடிவிட்டால் அந்தத் தகவலை எதைக் கொண்டு திறப்பீர்கள் என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் விடை இல்லாமல் நிறுவினால், எக்செல்லில் பட்ட பாட்டையே சர்வரிலும் படுவோம்.

ஒரு சிறு நூலகத்தின் இரவல் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எக்செல்லில் ஒரே ஷீட்: உறுப்பினர் பெயர், போன், நூல், ஆசிரியர், கொடுத்த தேதி, திரும்பிய தேதி. இதை அப்படியே இறக்குமதி செய்தால், நாற்பது நூல் எடுத்தவரின் போன் எண் நாற்பது இடத்தில் இருக்கும். எண் மாறினால் முப்பத்தெட்டு இடத்தில் திருத்துவோம், இரண்டு தப்பிவிடும். சரி, பிரிக்கலாம் என்று உட்கார்ந்தால் உறுப்பினர், நூல், இரவல் என்று மூன்று டேபிள் தோன்றும். அது போதாது. ஒரே நூலுக்கு மூன்று பிரதிகள் இருக்கும். வாசகர் கையில் போவது ஒரு குறிப்பிட்ட பிரதி. ஆக 'பிரதி' என்று நான்காவது டேபிள் வேண்டும், இரவல் ரெக்கார்டு அதோடுதான் இணைய வேண்டும். இந்த நான்காவதை விட்டுவிட்டால், "இந்த நூல் இப்போது அலமாரியில் இருக்கிறதா?" என்ற கேள்விக்கு எந்த ஃபார்முலா எழுதினாலும் சரியான விடை வராது.

அடுத்து, ஒரு பிரதி ஒரே நேரத்தில் இரண்டு பேரிடம் இருக்க முடியாது. இந்த விதியை ஒர்க்ஃப்ளோவில் நிபந்தனை பார்க்கும் 'இஃப்' நோடு (ஒரு படி) போட்டுக் காக்க முயல்கிறார்கள். இரண்டு பேர் ஒரே நொடியில் பதிந்தால் இரண்டு 'இஃப்'பும் "பிரதி காலியாகத்தான் இருக்கிறது" என்றே சொல்லும். விதி டேட்டாபேஸில் இருக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் இதற்கு ஒரே வரி போதும்: இரவல் டேபிளில் பிரதி எண்ணின் மேல் ஒரு யூனிக் இண்டெக்ஸ் (ஒரே மதிப்பு இரண்டு முறை வராமல் தடுப்பது), 'திரும்பிய தேதி காலியாக இருக்கும் ரெக்கார்டுகளுக்கு மட்டும்' என்ற நிபந்தனையோடு. அதன்பின் கையால் பதிந்தாலும், ஃபார்ம் வழியாக வந்தாலும், வேறொரு நிரல் ஏபிஐ வழியாக அனுப்பினாலும் இரண்டாவது பதிவு நுழையாது. இதற்கு அந்தப் பிரதி எண் இரவல் டேபிளிலேயே ஒரு ஃபீல்டாக இருக்க வேண்டும். இணைப்பை உருவாக்கும்போது 'மெனி டு மெனி' (பலவற்றோடு பல) என்று தேர்ந்தெடுத்தால் நடுவில் ஒரு இணைப்பு டேபிள் உருவாகி இந்த இண்டெக்ஸுக்கு இடமில்லாமல் போய்விடும்.

ஃபீல்டு வகைகளில் நான் விட்டுக்கொடுக்காதவை மூன்று. போன் எண் எப்போதும் டெக்ஸ்ட். 'நம்பர்' என்று வைத்தால் முன்னால் உள்ள பூஜ்யமும் கூட்டல் குறியும் காணாமல் போகும். திருப்பித் தரவேண்டிய நாள் வெறும் தேதி. நேரத்தோடு சேர்த்து வைத்தால் சர்வர் ஒரு நேர மண்டலத்திலும் பிரௌசர் வேறொன்றிலும் இருக்கும்போது நாள் ஒன்று முன்னே பின்னே போகும். 'சிங்கிள் செலக்ட்' விருப்பங்களின் பெயரைப் பின்னால் மாற்றக் கூடாது. "திரும்பியது" என்று ஒப்பிடும் ஒர்க்ஃப்ளோ, யாரோ அதை "வந்துவிட்டது" என்று மாற்றிய நாளிலிருந்து எரர் எதுவும் காட்டாமலே வேலையை நிறுத்திவிடும்.

தமிழில் தகவல் வைப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. 'கொ' என்ற எழுத்தை ஒருங்குறியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒரே குறியெண்ணாக, அல்லது ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் தனித்தனிக் குறியெண்களாக. திரையில் வேறுபாடே தெரியாது. டேட்டாபேஸுக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பட்டியலையும் புதிதாகத் தட்டச்சு செய்ததையும் கலந்தால், 'கொற்றவை' என்று தேடும்போது பாதி ரெக்கார்டு வராது. இறக்குமதி செய்யும்போதே ஒரே குறியெண்ணாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். போஸ்ட்கிரெஸ் 13 முதல் 'நார்மலைஸ்' என்ற ஃபங்ஷன் உள்ளேயே இருக்கிறது. அதே மாதிரி, வெளியே எடுத்த சிஎஸ்வியை எக்செல்லில் திறந்து தமிழ் சிதைந்து தெரிந்தால் டேட்டாபேஸைக் குறை சொல்லாதீர்கள். யூடிஎஃப்-8 என்று சொல்லும் பிஓஎம் என்ற அடையாளம் கோப்பின் தொடக்கத்தில் இல்லை, அவ்வளவுதான்.

இப்போது கருவிக்கு வருவோம். கிரிஸ்ட் என்ற நோ-கோடு டேட்டாபேஸில் ஒவ்வொரு ஆவணமும் ஒரு எஸ்கியூலைட் (ஒரே கோப்பில் அடங்கும் டேட்டாபேஸ்) கோப்பு. பிரதி எடுத்து எந்த எஸ்கியூலைட் மென்பொருளிலும் திறக்கலாம். பேஸ்ரோ போஸ்ட்கிரெஸில்தான் சேமிக்கிறது, ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் டேபிள் பெயரும் ஃபீல்டு பெயரும் எண்களாக இருக்கும். நேரடியாக டேட்டாபேஸ் மொழியான எஸ்கியூஎல் எழுதுவது சிரமம், அதன் ஏபிஐ வழியாகப் போவதுதான் நல்லது. நோக்கோடிபி ஏற்கெனவே இருக்கும் போஸ்ட்கிரெஸ் அல்லது மைஎஸ்கியூஎல் மேல் உட்கார்ந்து, உங்கள் டேபிள்களை உங்கள் பெயரிலேயே காட்டும். மேலே சொன்ன மாதிரி விதிகளை டேட்டாபேஸிலேயே எழுத நினைப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் நோக்கோடிபியிலும் எல்லாமே போஸ்ட்கிரெஸில் இருக்கிறது என்று நம்பிவிட வேண்டாம். ஃபார்முலா, லுக்கப் (இணைந்த டேபிளிலிருந்து எடுத்துக் காட்டுவது), ரோல்அப் (அவற்றைத் தொகுத்துச் சொல்வது), வியூ, அனுமதிகள் எல்லாம் அதன் மெட்டாடேட்டாவில், அதாவது தன் அமைப்புகளை அது தனியாக வைக்கும் இடத்தில், இருக்கின்றன. மெட்டாடேட்டாவுக்குத் தனி டேட்டாபேஸ் குறிப்பிடாவிட்டால் அது நோக்கோடிபி ஓடும் டாக்கர் கன்டெய்னருக்குள் (தனிப் பெட்டி போன்றது) ஒரு எஸ்கியூலைட் கோப்பாக உட்காரும். வெளியே நிலைத்திருக்கும் வால்யூம் (சேமிப்பிடம்) இணைக்காமல் கன்டெய்னரை நீக்கினால் தகவல் பத்திரமாக இருக்கும், ஆறு மாதம் உட்கார்ந்து செய்த வியூக்கள் போய்விடும். இன்னொன்று: அதன் வெப்ஹூக்குகள் (ஒரு மாற்றம் நடந்ததும் வேறொரு முகவரிக்குப் போகும் தகவல்) நோக்கோடிபி வழியாக நடக்கும் மாற்றங்களுக்கு மட்டுமே கிளம்பும். எஸ்கியூஎல்லில் நேரடியாக ஒரு ரெக்கார்டு சேர்த்துவிட்டு வெப்ஹூக் ஏன் வரவில்லை என்று தேடுவது வீண்வேலை. அதேபோல டேபிள் அமைப்பை வெளியிலிருந்து மாற்றினால் 'மெட்டா சிங்க்' கொடுக்கும்வரை அதற்குத் தெரியாது.

ஆட்டோமேஷனில் பெரும்பாலான அழுகைக்குக் காரணம் இரண்டே விஷயம்: சுழல், இரட்டிப்பு.

சுழல் இப்படி வரும். இரவல் ரெக்கார்டு மாறினால் வெப்ஹூக். ஒர்க்ஃப்ளோ நினைவூட்டல் அனுப்பிவிட்டு, அதே ரெக்கார்டில் 'நினைவூட்டல் போனது' என்று டிக் செய்யும். டிக் செய்ததும் ரெக்கார்டு மாறியது. மறுபடி வெப்ஹூக், மறுபடி நினைவூட்டல். வெப்ஹூக்கிலேயே நிபந்தனை வைத்து, டிக் இல்லாதவற்றுக்கு மட்டும் கிளம்பச் செய்தால் சுழல் நிற்கும். நான் இன்னும் ஒரு படி போகச் சொல்வேன்: அனுப்பவேண்டியவற்றுக்கு 'அனுப்புகை' என்று தனி டேபிள் வையுங்கள். ஒர்க்ஃப்ளோ அதில் எழுதட்டும், இரவல் டேபிளைத் தொடவே வேண்டாம்.

இரட்டிப்பு கொஞ்சம் நுணுக்கமானது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 'அனுப்பவேண்டியவை' பட்டியலை எடுத்து அனுப்பும் ஒர்க்ஃப்ளோவில், ஒரு சுற்று ஆறு நிமிடம் பிடித்தால் அடுத்த சுற்று காத்திருக்காமல் தொடங்கிவிடும். இரண்டும் ஒரே ஆட்களுக்கு அனுப்பும். முதலில் 'செலக்ட்', அனுப்பிய பிறகு 'அப்டேட்' என்று பிரித்து எழுதுவதால் வரும் வினை இது. எடுப்பதும் குறிப்பதும் ஒரே எஸ்கியூஎல்லாக இருக்க வேண்டும்: உள்ளே 'ஃபார் அப்டேட் ஸ்கிப் லாக்டு' (வேறு சுற்று பூட்டியதை விட்டுவிட்டு மற்றதைப் பூட்டுவது) போட்ட ஒரு செலக்ட் இருபது ரெக்கார்டைப் பிடிக்கட்டும், வெளியே உள்ள அப்டேட் அவற்றை 'எடுத்தாயிற்று' என்று மாற்றி, நேரத்தையும் குறித்து, 'ரிட்டர்னிங்' மூலம் திருப்பித் தரட்டும். செலக்ட்டை மட்டும் தனி நோடில் போட்டால் பயனில்லை; நோடு முடிந்ததும் லாக் விடுபட்டுவிடும். நடுவில் சர்வர் விழுந்தால் சில ரெக்கார்டுகள் 'எடுத்தாயிற்று' நிலையிலேயே கிடக்கும். அரை மணி நேரத்துக்கு மேல் அப்படிக் கிடப்பவற்றைத் திரும்ப வரிசையில் சேர்க்க ஒரு சிறிய ஒர்க்ஃப்ளோ போதும். அப்படிச் சேர்த்ததில் யாருக்காவது ஒரு நினைவூட்டல் இரண்டு முறை போகலாம். நூலக நினைவூட்டலுக்கு அது பரவாயில்லை, பணம் செலுத்தும் கட்டளைக்கு ஆகாது. அங்கே கையால் பார்த்தே விடுவிக்க வேண்டும்.

என்8என் பயன்படுத்துகிறவர்கள் தடுக்கி விழும் சில இடங்கள். வெப்ஹூக் நோடில் டெஸ்ட் முகவரி, புரொடக்ஷன் முகவரி என்று இரண்டு உண்டு. டெஸ்ட் முகவரி எடிட்டரில் கேட்டுக்கொண்டிருக்கும்போது மட்டுமே வேலை செய்யும். அதை ஃபார்மில் ஒட்டிவிட்டுப் போனால் மறுநாள் எதுவும் வராது. நேர மண்டலத்தைக் குறிப்பிடாமல் விட்டால் அதன் இயல்பு நியூயார்க் நேரம். காலை எட்டு மணிக்குப் போகவேண்டிய நினைவூட்டல் வேறு எதோ நேரத்தில் போவது இதனால்தான். ஒரு நோடு நாற்பது ரெக்கார்டு தந்தால் அடுத்த நோடு நாற்பது முறை ஓடும். நிர்வாகிக்கு ஒரே ஒரு சுருக்கம் அனுப்ப நினைத்தால் முதலில் எல்லாவற்றையும் ஒன்றாகத் திரட்ட வேண்டும். எதுவுமே தராவிட்டால் அடுத்த நோடு ஓடவே ஓடாது, ஆனாலும் பச்சை டிக் விழும். பச்சையைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள்.

ஒவ்வொரு ஓட்டத்தின் தகவலையும் என்8என் சேமித்துவைக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. உறுப்பினர்களின் போன் எண்கள் அந்த லாகில் அப்படியே கிடக்கும். அடிக்கடி ஓடும் ஒர்க்ஃப்ளோவுக்கு, வெற்றியான ஓட்டங்களைச் சேமிக்காதே என்று அமைத்துவிடுங்கள். இடமும் மிச்சம், பிறர் தகவலும் சிதறாது. ஒர்க்ஃப்ளோவை ஜேசன் கோப்பாக எடுத்துப் பகிர்பவர்களும் ஒருமுறை திறந்து பாருங்கள். கிரெடென்ஷியல் (ரகசியங்களுக்கான தனி இடம்) பகுதியில் வைத்த கடவுச்சொல் அதில் வராது. ஆனால் 'கர்ல்' என்ற இணையக் கோரிக்கைக் கட்டளையை ஒட்டி உருவாக்கிய எச்டிடிபி நோடின் ஹெட்டரில் டோக்கன் (நுழைவுச் சாவி) வெளிப்படையாக இருக்கக்கூடும்.

உரிமம் பற்றிச் சுருக்கமாக. நோடு-ரெட் அப்பாச்சி 2.0. பேஸ்ரோவின் மையப் பகுதி எம்ஐடி, கட்டண வசதிகளுக்குத் தனி உரிமம். என்8என் 2022 முதல் 'சஸ்டெயினபிள் யூஸ்' உரிமத்தில் இருக்கிறது. நிரல் திறந்திருந்தாலும் ஓப்பன் சோர்ஸ் வரையறைக்குள் அது வராது, அவர்களே 'ஃபேர்-கோடு' என்றுதான் சொல்கிறார்கள். உங்கள் அலுவலக வேலைக்கு ஓட்டுவதில் சிக்கல் இல்லை. அதையே பணம் வாங்கிக்கொண்டு பிறருக்கு ஓட்டித்தர நினைப்பவர்கள் உரிமத்தை வரி விடாமல் படிக்க வேண்டும்.

கடைசியாக பேக்கப். தினமும் பிஜி-டம்ப் (போஸ்ட்கிரெஸ் தகவலின் நகல்) எடுக்கிறோம் என்பார்கள். அதில் இல்லாதவை: நோக்கோடிபியின் உள்ளூர் ஃபோல்டரில் இருக்கும் இணைப்புக் கோப்புகள், கன்டெய்னர்களின் அமைப்பைச் சொல்லும் டாக்கர் கம்போஸ் கோப்பு, கடவுச்சொற்களைப் பூட்டும் என்8என்னின் என்கிரிப்ஷன் கீ. இந்தக் கீயை நீங்கள் தராவிட்டால் அது தானே ஒன்றை உருவாக்கித் தன் ஃபோல்டரில் வைத்துக்கொள்ளும். அது தொலைந்தால் ஒர்க்ஃப்ளோக்கள் எல்லாம் திரும்ப வரும், சேமித்த கடவுச்சொற்களில் ஒன்றும் திறக்காது. முதல் நாளே நீங்களே ஒரு கீயைக் கொடுத்து, சர்வருக்கு வெளியே எழுதி வையுங்கள். போஸ்ட்கிரெஸின் டாக்கர் இமேஜுக்கு 'லேட்டஸ்ட்' போடாமல் பதிப்பு எண்ணைக் குறிப்பிடுங்கள். 15-ல் எழுதிய டேட்டா ஃபோல்டரை 16 திறக்காது, டம்ப் எடுத்தோ பிஜி-அப்கிரேடு கொண்டோ மாற்ற வேண்டும்.

மாதம் ஒருமுறை வேறொரு இயந்திரத்தில் ரீஸ்டோர் செய்து பாருங்கள். அப்போது என்8என்னை எழுப்புவதற்கு முன்பு அந்த இயந்திரத்திலிருந்து வெளியே போகும் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். செயலில் இருந்த ஒர்க்ஃப்ளோக்கள் அங்கேயும் செயலில்தான் எழும்; சோதனை என்று அவற்றுக்குத் தெரியாது, உண்மையான உறுப்பினர்களுக்கே நினைவூட்டல் கிளம்பிவிடும்.