இமயமலைப் பனி உருகினால் வைகையில் தண்ணீர் கூடுமா?

"இமயமலைப் பனி வேகமாக உருகுகிறது, இனி எல்லா ஆறுகளிலும் தண்ணீர் கூடும், நிலத்தடி நீர் தானாக ஏறும், மதுரைக்காரர்கள் தைரியமாக போர் போடலாம்" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. தவறு. இதை நம்பிப் பணத்தை இறக்கிவிடாதீர்கள்.

வைகைக்கும் இமயமலைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வருசநாட்டு மலையில் பெய்யும் மழையும், 1895-இல் பயன்பாட்டுக்கு வந்த முல்லைப் பெரியாறு அணையிலிருந்து சுரங்கம் வழியாக வரும் தண்ணீரும்தான் நம் ஆறு. அங்கேயும் மழைத் தண்ணீர்தான்.

சரி, வடக்கிலாவது கூடுமா? சில காலம் கூடும். மலையில் உறைந்து கிடக்கும் பனித்திரளான பனியாறு சுருங்கச் சுருங்க, உருகி வரும் தண்ணீர் ஒரு உச்சத்தைத் தொட்டு அப்புறம் குறையும், மழையில்லாத மாதங்களில்தான் அந்தக் குறை நன்றாகத் தெரியும். சிந்து நதிக்கு இது பெரிய அடி.

மதுரையைச் சுற்றி அடியில் இருப்பது கடும்பாறை. எங்கள் தெருவில் போன சித்திரையில் போர் போட்டபோது நானூறு அடி வரை வெள்ளைத் தூள்தான் பறந்தது, வீட்டுக்கார அம்மா ஈரம் தெரிகிறதா என்று அதை அள்ளி அள்ளிப் பார்த்துக்கொண்டே நின்றார். பாறை விரிசல்களில்தான் தண்ணீர் தங்கும். அவற்றை நிரப்புவது இங்கே பெய்து, கண்மாயில் நின்று, மெதுவாக இறங்கும் மழை. காற்று சூடாகச் சூடாக அதிக ஈரத்தைப் பிடித்து வைத்து ஒரேயடியாகக் கொட்டுகிறது, அது இறங்க நேரமில்லாமல் ஓடிவிடுகிறது, வரத்துக்கால்வாய் தூர்ந்திருந்தால் கண்மாய்க்கும் வந்து சேராது.

போர் போடுவதற்கு முன்னால், அக்கம்பக்கத்தில் கோடையில் எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.