ஆம்புலன்ஸ் கூப்பிட்டா போலீஸும் வருமா?

குறட்டைச் சத்தம்தான் அவர்களுக்கு இன்றும் நினைவிருக்கிறது. சின்ன அறை, நான்கு பேர். ஒருவன் சுவரோரம் சரிந்து கிடந்தான். தூங்குகிறான் என்று மற்ற மூவரும் நினைத்தார்கள். தொண்டைக்குள் தண்ணீர் கொதிப்பது மாதிரி ஒரு குறட்டை. "இன்னைக்கு இவனுக்கு நல்லா ஏறிடுச்சு" என்று சிரித்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் குறட்டை நின்றது. அப்புறம்தான் ஒருவன் எழுந்து விளக்கைப் போட்டான். உதடும் நகமும் நீலம் பாரித்திருந்தன.

கிடந்தவன் என் பள்ளித் தோழன். மற்ற மூவரில் ஒருவனை எனக்கு நன்றாகத் தெரியும். பல வருடம் கழித்து அவன் சொல்லித்தான் இதெல்லாம் தெரியும். ஒருவன் போனை எடுத்திருக்கிறான். உடனே இன்னொருவன் கேட்டானாம்: "ஆம்புலன்ஸ் கூப்பிட்டா போலீஸும் வருமா?" யாருக்கும் பதில் தெரியவில்லை. போனைக் கீழே வைத்துவிட்டு ஊசி, ஸ்பூன், பொட்டலத் தாள் எல்லாவற்றையும் பொறுக்கி வெளியே வீசினார்கள். தரையைத் துடைத்தார்கள். ஆமாம், துடைத்திருக்கிறார்கள். அதன் பிறகு அவனைத் தூக்கிக்கொண்டுபோய் ஒரு மருத்துவமனை வாசலில் கிடத்திவிட்டு மூவரும் ஓடிவிட்டார்கள். அவன் பிழைக்கவில்லை.

படிக்கும்போது உங்களுக்குக் கோபம் வரலாம். எனக்கும் வந்தது, ரொம்ப நாள் இருந்தது. பிறகுதான் அந்தப் போதை மருந்தைப் பற்றியும் காவல்துறையைப் பற்றியும் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஹெராயின் மாதிரியான ஓபியாய்டு வகைகள் அளவு மீறினால் மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக அடக்கிவிடும். அந்தக் குறட்டையே அபாய மணிதான். நலோக்ஸோன் என்று ஒரு மருந்து இருக்கிறது. மூக்கில் அடித்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு திரும்பும். ஓபியாய்டு எடுக்காத ஆளுக்குத் தவறிக் கொடுத்துவிட்டாலும் கெடுதல் இல்லை. அதாவது தரையைத் துடைத்த நேரத்தில் அவன் எழுந்து உட்கார்ந்திருக்கலாம்.

போதைப் பழக்கத்தில் இருப்பவருக்கும் போலீசுக்கும் இடையே உள்ள உறவு என்று பேச்செடுத்தால் உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடுகிறது. "பிடித்து உள்ளே போடு" என்பது ஒன்று. "பாவம், நோயாளிகள், போலீஸ் கொஞ்சம் மனிதாபிமானத்தோடு நடந்துகொள்ள வேண்டும்" என்பது மற்றது. முதல் கட்சியோடு எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டாவது கட்சியோடும் எனக்கு ஒரு சண்டை உண்டு. அதற்காகத்தான் இவ்வளவு நீளப் பதிவு.

எங்களுக்குத் தெரிந்த ஒரு அண்ணன் காவல்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். பிடிபட்ட பையன்களுக்குத் தன் கைக்காசில் டீ வாங்கிக் கொடுத்ததைப் பற்றிச் சொல்வார், பொய் இல்லை. அவரிடம் ஒருமுறை கேட்டேன், விற்கிறவனை விட்டுவிட்டுப் பயன்படுத்துகிறவனையே ஏன் பிடிக்கிறீர்கள் என்று. சிரித்தார். "தம்பி, விக்கிறவன் எங்க இருப்பான்னு எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் அவனைப் பிடிக்க ஆறு மாசம் ஆகும். இவன் எங்க இருப்பான்னு தினமும் தெரியும். மேல இருந்து கணக்கு கேப்பாங்க இல்ல?" ஒரு பெரிய வியாபாரியும் ஒரு கேஸ்தான், ஒரே ஒரு பொட்டலம் வைத்திருந்த பையனும் ஒரு கேஸ்தான். எண்ணிக்கையைக் கேட்கிற எந்த அலுவலகமும் சுலபமானதைத்தான் முதலில் எண்ணும்.

இது எதிர்ப்பக்கம் என்னவாகிறது என்று பாருங்கள். ஜீப் தெரு முனையில் திரும்பினால் கையில் இருக்கும் பொட்டலத்தை விழுங்குகிறார்கள். வயிற்றுக்குள் அது பிரிந்தால் ஆள் காலி. ரோந்து அதிகமானால் இருட்டில், அவசரத்தில், தனியாகக் குத்திக்கொள்கிறார்கள். தனியாக இருக்கும்போது அளவு மீறினால் விளக்கைப் போட்டுப் பார்க்கவும் ஆள் இல்லை. சட்டைப் பையில் ஊசி இருந்தால் அதுவே சாட்சியாகிவிடும் என்பதால் சொந்த ஊசி வைத்துக்கொள்வதில்லை. அடுத்தவன் ஊசிதான்.

கடைசியாகச் சொன்ன விஷயத்துக்கு ஒரு நகரமே விலை கொடுத்திருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் போலீஸ் கெடுபிடி அதிகம். ஊசிகளைப் பறிமுதல் செய்தார்கள். கடைகளில் ஊசி விற்பதும் நின்றுபோனது. போதையை ஒழிக்கிறோம் என்று உண்மையாகவே நம்பித்தான் செய்தார்கள். ஊசி குறைந்தது, குத்துகிறவர்கள் குறையவில்லை. ஒரே ஊசி பல கை மாறியது. 1986இல் வெளியான ஒரு ஆய்வில், அந்த ஊரின் ஒரு மருத்துவரகத்துக்கு வந்துகொண்டிருந்த ஹெராயின் பழக்கமுள்ள 164 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 51 சதவீதம் பேருக்கு எச்ஐவி இருந்தது.

அதே 1986இல், அதே பிரிட்டனில், இங்கிலாந்தின் லிவர்பூலில் பழைய ஊசியைக் கொடுத்தால் புது ஊசி தரும் இடம் ஒன்றைத் திறந்தார்கள். இதில் எனக்குப் பிடித்தது மருத்துவர்கள் செய்ததைவிட அந்தப் பகுதியின் மெர்ஸிசைட் போலீஸ் செய்தது. அந்த இடத்துக்கு வருகிறவர்களை வாசலில் நின்று பிடிப்பதில்லை என்று ஒத்துக்கொண்டார்கள். பிடிபட்டவர்களையும் அங்கே போகச் சொல்லி அனுப்பினார்கள். வாசலில் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தால் அந்தக் கதவு திறந்திருந்தும் மூடியதுதான். ஊசி போட்டுக்கொள்வோரிடையே எச்ஐவி அங்கே கடைசிவரை குறைவாகவே இருந்தது. எடின்பரோ போலீஸ்காரர்கள் கெட்டவர்கள், லிவர்பூல்காரர்கள் தங்கமானவர்கள் என்று நான் நம்பவில்லை. ஒரு இடத்தில் வெளிப்படையான ஒப்பந்தம் இருந்தது, இன்னொரு இடத்தில் இல்லை.

லாக்கப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஹெராயின் கடைசியாக எடுத்து எட்டு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் ஆனதும் உடம்பு கேட்க ஆரம்பிக்கும். முதலில் கொட்டாவி, மூக்கில் தண்ணீர். பிறகு எலும்புக்குள் வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு. குளிரும், வேர்க்கும், இரண்டும் ஒன்றாக. இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். கைதான ஆளை விசாரிப்பதும் சரியாக இந்த நேரத்தில்தான். அந்த நிலையில் இருப்பவரிடம் ஒரு தாளை நீட்டினால் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பாரா? செய்யாத திருட்டையும் ஒத்துக்கொள்வார். "சரக்கு எங்க வாங்கின, பேர் சொல்லு, விட்டுடறேன்" என்றால் ஏதாவது ஒரு பெயரைச் சொல்வார், அது பக்கத்து வீட்டுக்காரன் பெயராகக்கூட இருக்கும். இன்ஃபார்மர்களில் பலர் இப்படி உருவானவர்கள்தான். அதற்குப் பிறகு அவருக்கு இரண்டு பக்கமும் பயம். தெருவில் ஆட்காட்டி, ஸ்டேஷனில் கைப்பாவை. வீட்டில் திருடுபோனாலோ, யாராவது அடித்தாலோ, அவர் புகார் கொடுக்க எங்கே போவார்? பழக்கமுள்ள பெண்கள் நிலைமை இன்னும் மோசம். அவர்களை மிரட்டுகிறவனுக்கு இவள் போலீசிடம் போகமாட்டாள் என்பது நிச்சயமாகத் தெரியும்.

சிறைக்குப் போய்த் திரும்பினால் வேறு ஒரு ஆபத்து. உள்ளே இருந்த மாதங்களில் உடம்பின் தாங்குதிறன் குறைந்திருக்கும், மனது பழைய அளவைத்தான் நினைவில் வைத்திருக்கும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வெளிவந்தவர்களைப் பற்றி 2007இல் ஒரு ஆய்வு வெளியானது. முதல் இரண்டு வாரத்தில் அளவு மீறிச் சாகும் அபாயம் அந்த மாநிலத்தின் மற்றவர்களைவிட 129 மடங்காக இருந்தது. திருந்தட்டும் என்று உள்ளே அனுப்பினோம் என்பவர்கள் அந்த இரண்டு வாரத்துக்கும் சேர்த்து யோசித்திருக்க வேண்டும்.

பிலிப்பைன்ஸில் 2016இல் நடந்ததைச் சொல்லாமல் போக முடியாது. போலீஸ் பட்டியலோடு வீடு வீடாகப் போனது. அந்தத் திட்டத்தின் பெயர் டோக்ஹாங். தட்டுவது, கெஞ்சிக் கேட்பது என்று பொருள்படும் இரண்டு உள்ளூர்ச் சொற்களை ஒட்டவைத்த பெயர். கதவைத் தட்டி, விட்டுவிடு என்று கேட்டுக்கொள்வார்களாம். நம்பிப் பெயர் கொடுத்தவர்களும் பிறகு செத்தார்கள். போலீஸ் நடவடிக்கைகளில் செத்தவர்கள் என்று அரசாங்கம் ஒத்துக்கொண்ட கணக்கே 6,000க்கு மேல். மனித உரிமை அமைப்புகள் சொல்வது அதைவிடப் பல மடங்கு.

இப்போது அந்த மனிதாபிமானக் கட்சியோடு என் சண்டை. நல்ல போலீஸ்காரர் கிடைப்பார் என்பது ஒரு சீட்டாட்டம். நீல உதட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பவனிடம் "டீ வாங்கித் தரும் அண்ணன் டியூட்டியில் இருந்தாலும் இருப்பார், போன் பண்ணு" என்றால் அவன் பண்ணமாட்டான். வருவது யார் என்று தெரியாது. யார் வந்தாலும் இதுதான் நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் பண்ணுவான். எனக்கு வேண்டியது எழுதிவைத்த, எல்லோருக்கும் தெரிந்த விதி.

அப்படி விதிகள் இருக்கின்றன. அளவு மீறியவருக்காக உதவி கேட்டுப் போன் செய்தவர்மீது, அங்கே இருந்த சொந்த உபயோகச் சரக்குக்காக வழக்கு இல்லை என்று அமெரிக்காவில் முதலில் சட்டம் போட்டது நியூ மெக்ஸிகோ, 2007இல். கனடா 2017இல் நாடு முழுவதற்கும் கொண்டுவந்தது. மாசசூசெட்ஸின் குவின்சியில் 2010 முதல் ரோந்துப் போலீசே நலோக்ஸோன் வைத்திருக்கிறார்கள். அதே ஜீப், அதே சீருடை, உள்ளே மட்டும் ஒரு மருந்து கூடுதல்.

என்னை ரொம்ப யோசிக்க வைத்தது அமெரிக்காவின் வட கரோலினாவில் 2013இல் வந்த ஒரு சின்ன விதி. சோதனை போடும் போலீஸ்காரருக்கும் ஒரு பயம் உண்டு. பையில் கை விட்டால் ஊசி குத்திவிடும். "உன்கிட்ட ஊசி இருக்கா?" என்று கேட்டால், இருக்கிறது என்பது குற்றத்தை ஒத்துக்கொள்வது ஆகிவிடும் என்பதால் இல்லை என்றே பதில் வரும். அங்கே விதியை மாற்றினார்கள். சோதனைக்கு முன்பே உண்மையைச் சொன்னால் அந்த ஊசிக்காக வழக்கு கிடையாது. அவ்வளவுதான். ஒருவருக்கு விரல் தப்பியது, இன்னொருவருக்கு வழக்கு தப்பியது. இந்த உறவில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உண்மை பேச முடிந்த இடம் இப்படி எத்தனை இருக்கும்?

போர்ச்சுகலை எல்லோரும் இழுப்பார்கள், பாதிப் பேர் தப்பாக இழுப்பார்கள். 2001 ஜூலையில் அங்கே போதைப்பொருள் சட்டப்பூர்வம் ஆகவில்லை. பத்து நாள் உபயோகத்துக்குள் வைத்திருப்பது குற்றவியல் வழக்கு இல்லை என்று ஆனது. போலீஸ் இன்றும் நிறுத்துகிறது, சரக்கைப் பறிக்கிறது. ஆனால் ஆளை நீதிமன்றத்துக்கு அனுப்பாமல் மூன்று பேர் கொண்ட ஆணையத்துக்கு அனுப்புகிறது. அங்கிருந்து போக ஒரு சிகிச்சை இடமும் இருக்கிறது.

அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் அந்தக் கடைசி வரியைக் கோட்டைவிட்டார்கள். 2021இல் தண்டனையை எடுத்துவிட்டு, போலீஸ் கையில் 100 டாலர் அபராதச் சீட்டைக் கொடுத்தார்கள். ஒரு உதவி எண்ணுக்குப் போன் செய்தால் அபராதம் கிடையாது. போன் செய்தவர்கள் ரொம்பக் குறைவு. சிகிச்சை இடங்கள் தயாராவதற்குள் தெருக்களைப் பார்த்து மக்கள் பொறுமை இழந்தார்கள். 2024 செப்டம்பரில் மறுபடியும் குற்றமாக்கிவிட்டார்கள். என் வாதத்துக்கு இது இடைஞ்சல்தான், அதற்காக மறைக்க முடியாது. போலீசை ஒதுக்கி நிற்கச் சொன்னால் அந்த இடத்தில் வேறு யாராவது வந்து நிற்க வேண்டும்.

போன மாதம் அந்த ஓய்வுபெற்ற அண்ணனிடம் என் தோழன் கதையை முதல்முறையாகச் சொன்னேன். அந்தப் பசங்கள் போன் பண்ணி, நீங்கள் வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"உன் ஃப்ரெண்டை நானே தூக்கிட்டு ஓடியிருப்பேன் தம்பி. வந்து அந்த மூணு பேரை ஜீப்புல ஏத்தியிருப்பேன். ஏத்தித்தானே ஆகணும்?"