உமியையும் பழைய ஒயிலையும் ஒரே அடுப்பில் போடாதீர்கள்

தொழிற்சாலைக் கழிவில் எரியக்கூடியதைப் பிரித்தெடுத்து, கலந்து, அழுத்தி, எரிபொருளாக விற்கும் தொழில் திருகோணமலைக்கு வரவேண்டும். முழுமனதோடு சொல்கிறேன். 2022இல் எரிவாயுவுக்கும் டீசலுக்கும் வரிசையில் நின்ற சனம் நாங்கள். ஆனால் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் "எரியிறதெல்லாம் எரிபொருள்தானே" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அதுதான் எனக்குப் பயம்.

கையில் இருப்பதிலிருந்து தொடங்குவோம். பெரும்போக அறுவடை முடிந்த கையோடு கிண்ணியா, தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் ஏதாவது ஓர் அரிசி ஆலையின் பின்வளவுக்குப் போய்ப் பாருங்கள். உமி குவிந்து கிடக்கும். சில இடங்களில் நெருப்பு வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். மேலே சாம்பல் பூத்து அணைந்தது போலத் தெரியும்; ஒரு தடியால் கிளறினால் உள்ளே செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருக்கும். சுவாலை இல்லை, புகை மட்டும். நாட்கணக்கில் புகையும். பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணியெல்லாம் அந்த மணம்தான்.

நெல்லின் நிறையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. நெல் அவிக்கும் கொதிகலனுக்கு எடுத்தது போக மிச்சம் கிடக்கிறது. சீனன்குடாவில் டோக்கியோ சீமெந்து ஆலை உமி, கிளிரிசீடியா மரக்கிளை போன்றவற்றை எரித்து மின்சாரம் எடுத்துக் காட்டியிருக்கிறது. ஆகவே இது எங்கள் ஊருக்குப் புதுச் சங்கதி இல்லை. சிறிய ஆலைக்காரருக்கு உள்ள சிக்கல் ஏற்றிப்பறிப்புத்தான். ஒரு கனமீற்றர் உமி 100 கிலோ அளவில்தான் நிற்கும். லொறி நிறைந்துவிடும், நிறை இருக்காது, கூலி கட்டாது. அதையே மரத்தூளோடு கலந்து திருகு இயந்திரத்தில் அழுத்தினால், அதே இடத்துக்குள் பல மடங்கு நிறை அடங்கும். பசையும் தேவையில்லை, உமியிலும் மரத்திலும் இயல்பாகவே இருக்கும் லிக்னின் என்ற பொருள் சூட்டில் இளகித் தானே பிடித்துக்கொள்ளும். நடுவில் துளையோடு கருஞ்சிவப்பாய் வெளியே வரும் கட்டையைக் கையில் எடுத்தால் நல்ல வைரவிறகின் கனம் இருக்கும். ஈரம் மட்டும் பன்னிரண்டு வீதத்துக்கு மேல் போகக்கூடாது, போனால் கட்டை வெடித்து உதிரும். உமியில் சிலிக்கா (மணலில் உள்ள அதே பொருள்) அதிகம் என்பதால் இயந்திரத்தின் திருகும் சீக்கிரம் தேயும். கணக்குப் போடும்போது இந்தத் தேய்மானத்தை விட்டுவிடுகிறவர்கள்தான் ஆறு மாதத்தில் கதவை மூடுகிறார்கள். மரத்தூளின் பங்கைக் கூட்டினால் தேய்மானம் குறையும். பேக்கரிப் போறணைகளுக்கும் செங்கல் சூளைகளுக்கும் இதைக் கொடுங்கள். காட்டில் அவ்வளவு மரமாவது நிற்கும்.

இனித்தான் பிரச்சினை. ஒரு கிலோ உமியில் சுமார் 3,000 கிலோகலோரி வெப்பம். பழைய எஞ்சின் ஒயிலில் அது 10,000 அளவுக்கு வரும். அதனால் "கொஞ்சம் ஒயிலை ஊற்றிக் கலந்தால் கட்டை நல்லாய்ப் பிடிக்கும்" என்ற யோசனை உடனே வருகிறது. கராஜ்களிலும் படகு எஞ்சின் திருத்துமிடங்களிலும் பீப்பாய்க் கணக்கில் சேருகிற பொருள். துறைமுகமும் எண்ணெய்த் தாங்கிகளும் உள்ள ஊரில் எண்ணெய்ச் சேறுக்கும் குறைவில்லை. ஆனால் பாவித்த ஒயிலுக்குள் துத்தநாகமும் தேய்ந்த உலோகத் துகள்களும் இருக்கின்றன. அதைப் பாண் போறணைக்குள் விடுவதா?

பிளாஸ்டிக்கும் அப்படித்தான். பொலித்தீன் வேறு, பி.வி.சி. வேறு. பி.வி.சி.யின் நிறையில் பாதிக்கு மேல் குளோரின். சூடு குறைந்த அடுப்பில் எரித்தால் டையொக்சின் என்ற கொடிய நச்சு உருவாகும். கரையில் குவிந்து கிடக்கும் பழைய தங்கூசி வலை நைலோன். அது அரைகுறையாக எரிந்தால் ஹைட்ரஜன் சயனைட்டு என்ற நச்சு வாயு வரும். அந்தப் புகையைச் சுவாசிக்கப்போவது அடுப்படியில் நிற்கிற தொழிலாளிதான்.

இந்த அழுக்குக் கழிவுக்கும் வழி உண்டு, வேறு நெருப்பில். சீமெந்துச் சூளைக்குள் கல் வேகும் சூடு 1,450 பாகை செல்சியஸ், சுவாலை அதற்கும் மேலே. அந்தச் சூட்டில் டையொக்சின் போன்ற நச்சுக்கள் சிதைந்துபோகும். மிஞ்சும் சாம்பல் கிளிங்கரோடு, அதாவது அரைத்துச் சீமெந்தாக்கும் வெந்த கட்டியோடு, சேர்ந்துவிடும். அங்கேயும் குளோரினுக்கு எல்லை வைத்துத்தான் எடுப்பார்கள். ஆனால் சீனன்குடா ஆலை வெளியிலிருந்து வரும் கிளிங்கரை அரைக்கும் ஆலை, அங்கே சூளை கிடையாது. காங்கேசன்துறைச் சூளை 1990இல் நின்றது. புத்தளத்துச் சூளைதான் தொழிற்கழிவை எரிபொருளாக எடுத்துவருகிறது. ஆகவே எங்கள் ஒயில் சேறும் கலப்புப் பிளாஸ்டிக்கும் மூடிய வாகனத்தில் புத்தளம் போகட்டும். திருகோணமலையில் நடக்கவேண்டியது பிரிப்பும் சேகரிப்பும் மட்டும்.

"இங்கேயே ஒரு சின்னச் சூளை போட்டுவிடுவோம்" என்று யாராவது வந்தால் ஊர் ஒத்துக்கொள்ளக் கூடாது. சம்பூர் நிலக்கரி மின்நிலையத்துக்கு எதிராக நின்ற மாவட்டம் இது. 2016இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. சாம்பல் எங்கே போகும், கொட்டியாரக் குடாவுக்கு என்ன நடக்கும் என்று அன்று கேட்டோம். கழிவு எரிக்க வருகிறவரிடமும் அதையே கேட்கவேண்டும். புகைபோக்கியில் என்ன அளக்கிறாய், யார் அளக்கிறார், முடிவை எங்கே ஒட்டுவாய் என்று சேர்த்துக் கேட்கவேண்டும்.

ஆலை வைத்திருக்கும் உறவுகளே, மர ஆலைக்காரரே, உங்கள் உமியும் மரத்தூளும் இப்போது யாருக்கு, என்ன விலைக்குப் போகிறது? கீழே எழுதுங்கள். பேக்கரி நடத்துகிறவர்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு விறகு வாங்குகிறீர்கள் என்றும் எழுதுங்கள். இரண்டு கணக்கும் சேர்ந்தால், ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு எத்தனை இயந்திரம் கட்டுப்படியாகும் என்று பேசத் தொடங்கலாம்.